ஊதாத் துணிக்குள் மூன்று நாள்

யேசுரட்ணத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் முப்பத்தைந்து வருடம் மற்றவர்களுடைய பிரிட்ஜுகளுக்குப் பின்னால் குந்தியிருந்ததில் போய்விட்டது. திருகோணமலையில் பிரிட்ஜும் ஏசியும் திருத்துகிறவனுக்கு வேலைக்குக் குறைவு வராது. உப்புக்காற்று அதைப் பார்த்துக்கொள்ளும். இன்றைக்கு ஒட்டிவிட்டு வருகிற செப்புக்குழாயை அடுத்த வருடத்துக்குள் அரித்து, ஓட்டை போட்டு, திரும்ப அவர் கையிலேயே கொடுத்துவிடும். தனக்கும் கடலுக்கும் வழக்கு என்பார். கடலுக்கு வயது போவதில்லை, தனக்குப் போகிறது என்பார். சொல்லிச் சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்து எழும்புவார். பிடிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் குந்துவதை அவர் விட்டு இரண்டு வருடமாகிறது.

வீட்டுக்கு வந்தால் வீடும் அப்படித்தான். ஓர்ஸ் ஹில்லில், துறைமுகத்துக் காற்று நேரே வந்து மோதுகிற மேட்டில் அவருடைய வீடு. குசினிக் குழாய் ஒழுகும். யன்னல் கொளுக்கிகள் துருப்பிடித்து உதிரும். ஊரெல்லாம் திருத்துகிறவன் வீட்டில் ஒன்றும் திருந்தாது என்பது அவருடைய மனைவி மாகிரட் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லுகிற வசனம். அவர் மறுத்துக் கதைப்பதில்லை. உண்மைக்கு என்ன மறுப்பு?

திருத்த வேண்டியிராத பொருள் ஒன்று அந்த வீட்டில் இருந்ததென்றால், அது முன் ஹோலில் இருந்த கடல்நீர்த் தொட்டி. நான்கு வருடத்துக்கு முன் உப்புவெளியில் ஒரு விடுதியை மூடியபோது ஏசி கழற்றப் போனவர், வரவேற்பறையில் கவனிப்பாரில்லாமல் கிடந்த அந்த இரண்டடிக் கண்ணாடித் தொட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்தார். உள்ளே கொஞ்சம் கல், செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு கோமாளி மீன்கள், காளான்போல ஒரு தோல் பவளம். எல்லாம் விடுதிக்காரன் முறைப்படி கொழும்பிலிருந்து எடுப்பித்தவை. பவளம் பகலில் தலையெல்லாம் சின்னச் சின்ன விரல்களாக விரிந்து நிற்கும். வேலையால் வந்து, கைகால் கழுவி, பிளேன்ரீயோடு அதற்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு அரை மணித்தியாலம் இருப்பார். ஒரு சத்தத்தையும் காது கொடுத்துக் கேட்கத் தேவையில்லை. ஒன்றையும் கழற்றத் தேவையில்லை. அந்த அரை மணித்தியாலத்துக்காகத்தான் மிச்ச நேரமெல்லாம் குந்துகிறேன் என்று அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மாகிரட்டுக்கு அது தெரியும்.

இந்த வருடம் தை முடியும் நேரத்தில் பாசி வந்தது.

முதலில் மணலில் மண்ணிறத் தூசி படிந்தது. விரலால் கிளறிவிட்டார், போய்விட்டது. அடுத்த கிழமை கல்லெல்லாம் பச்சை முளைத்தது. அதற்கு அடுத்த கிழமை அந்தப் பச்சை தலைமயிர்போல நீண்டு, பம்ப் தள்ளுகிற தண்ணீரில் ஆடத் தொடங்கியது. பழைய பல்துலக்கும் தூரிகையை எடுத்துத் தேய்த்தார். தேய்த்த இடத்தில் நான்கு நாளில் முன்பைவிட அடர்த்தியாக வந்தது. தாடி வழிப்பதுபோலத்தான், வழிக்க வழிக்க வளர்ந்தது. மீனுக்குச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினார். மாசி நடுவில் பாசி பவளத்தின் காலைச் சுற்றி ஏறிவிட்டது. பவளம் தன் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு, தோய்த்துப் பிழிந்த துணிபோலச் சுருண்டு நின்றது.

பின்னேரத்து அரை மணித்தியாலம் இப்போது சட்டையைக் கழற்றிவிட்டுத் தோள்வரை கையை உப்புத்தண்ணீருக்குள் விடுகிற நேரமாகிவிட்டது. முழங்காலோடு தோளும் சேர்ந்து நோகத் தொடங்கியது. இதுவும் ஒரு பிரிட்ஜாகிவிட்டது என்று நினைத்தார்.

அலங்கார மீன் பிடித்து விற்கிற றிகாஸ் கிண்ணியாவிலிருந்து வருகிறவன். வெளிக்கடல் தண்ணீரைக் கானில் கொண்டுவந்து தருகிறவனும் அவன்தான். துறைமுகத்துக்குள் அள்ளிய தண்ணீரைத் தொட்டிக்குள் விடக்கூடாது என்பதில் கண்டிப்பானவன். பங்குனித் தொடக்கத்தில் வந்து, குனிந்து, கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தான். பாசி தின்கிற நத்தை ஒன்றுகூட இல்லையா என்று கேட்டான். போன வருடம், தொட்டியில் வற்றுகிற அளவை நிரப்ப, ஏசியில் சொட்டுகிற தண்ணீர் சுத்தம்தானே என்று அதைப் பிடித்துத் தொட்டிக்கு விட்டதில் நத்தை அவ்வளவும் செத்துப்போனது. செப்புக்குழாயைத் தொட்டு வருகிற தண்ணீர் நத்தைக்கு நஞ்சு. தனக்குச் சோறு போடுகிற செப்பு நத்தையைக் கொல்லுமென்று அவருக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு றிகாஸ் ஏசிய ஏச்சு இன்னும் காதில் கிடந்தது. அதற்குப் பிறகு கடையில் போத்தல் தண்ணீர் வாங்கித்தான் விடுகிறார்.

றிகாஸ் குப்பியில் தண்ணீர் எடுத்து, மருந்து விட்டுக் குலுக்கி, நிறம் பார்த்தான்.

"தண்ணியில பெரிய குத்தம் இல்ல, யேசண்ணன். லைட்டு எத்தின மணித்தியாலம்?"

"எட்டு. மணிக்கூடு வைச்ச சுவிச்சு. தானாய் நிக்கும்."

"எட்டு மணித்தியாலத்துக்கு இப்பிடி வராது. எங்கயோ இருந்து வெளிச்சம் வருது. தேடிப் பாருங்க."

யேசுரட்ணம் தேடினார். யன்னல் சீலையை இழுத்துவிட்டார். சுவிச்சை இரண்டு நாள் மணிக்கூட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாமல் போனதற்குக் காரணம், அந்த வெளிச்சம் அவர் தினமும் இரண்டு வேளை நின்று கும்பிடுகிற இடத்திலேயே இருந்ததுதான்.

தொட்டிக்கு நேர் மேலே, சுவரில், திரு இருதய ஆண்டவர் படம். வீடு மந்திரித்த அன்று பாதர் தன் கையால் மாட்டியது. அந்தச் சுவரில்தான் கரண்ட் பிளக் இருந்தது என்பதால் தொட்டியும் அதற்குக் கீழே வந்தது. படத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு மின்குமிழ், வெற்றிலைக்காவி நிறத்தில் மினுங்கிக்கொண்டிருக்கும். மற்ற வீடுகளில் அது எரியும், அணையும். இந்த வீட்டில் போன கார்த்திகையிலிருந்து அணையவில்லை. மகள் நிரோஷினி மூன்றாவது முறையாகப் பிள்ளைத்தாச்சியாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்று, பிள்ளை கையில் கிடைக்கும்வரை விளக்கு அணையாது என்று மாகிரட் நேர்த்தி வைத்தாள். முந்திய இரண்டும் கைக்கு வரவில்லை. முதலாவது மூன்றாம் மாதத்தில் போனது. இரண்டாவது ஏழாம் மாதம் வரை இருந்து போனது. இந்த முறை டொக்டர் படுக்கையில் இருக்கச் சொன்னதால், புருஷன் ஜெனிஸ்டனை வவுனியாவில் வேலைக்கு விட்டுவிட்டு நிரோஷினி தாய்வீட்டுக்கு வந்திருந்தாள்.

பங்குனி நடுவில் ஒருநாள் பின்னேரம் ஏழு மணிபோலக் கரண்ட் போனது. கரண்ட் திரும்பி வரும்போது அடித்துக்கொண்டு வந்து சாமான்களை எரித்துவிடும் என்று மாகிரட் வழக்கம்போல வீட்டுச் சுவிச்சுகளையெல்லாம் நிறுத்திக்கொண்டு போனாள். ஆண்டவருடைய விளக்கை மட்டும் தொடவில்லை; கரண்ட் போவது ஆண்டவர் பாடு, தன் கை அணைக்கக்கூடாது என்பது அவள் கணக்கு. யேசுரட்ணம் இருட்டில் கதிரையில் சாய்ந்திருந்தார். அரை மணித்தியாலத்தால் கரண்ட் வந்தபோது, ஹோலில் அந்த ஒரு விளக்கு மட்டும் பற்றியது.

மற்ற லைட்டுகளோடு சேர்ந்து எரியும்போது கண்ணில் படாத விளக்கு, தனியே எரிய ஹோல் முழுக்கத் தெரிந்தது. தொட்டி நடுப்பகல்போல இருந்தது. மீன்கள் இரண்டும் சாப்பாடு கேட்டு மேலே வந்தன. பக்கத்தில் கிடந்த மீன் சாப்பாட்டு டின்னை எடுத்தார். கண்ணாடி போடாமலே அதன் காலாவதித் திகதியை வாசிக்க முடிந்தது.

விளக்கு வெள்ளையாக இருந்தது.

மாகிரட்டைக் கேட்டார். அவள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. ஆங்கிலப் புதுவருடம் கழிய ஒரு விடியற்காலை சிவப்புக் குமிழ் மங்கி மங்கி எரிந்தது. அணையமுதல் மாற்ற வேண்டுமென்று கடைக்கு ஓடினாள். சிவப்பு இல்லை. கடைக்காரன் ஒன்பது வாட் வெள்ளை எல்ஈடி ஒன்றைக் கொடுத்தான். கரண்டும் எடுக்காது, மூன்று வருடம் எரியும் என்றான். மூன்று வருடம் என்றதும் அவளுக்கு மனம் ஆறிப்போனது. அன்றிலிருந்து இரண்டரை மாதமாக, இருபத்துநான்கு மணித்தியாலமும், பாசிக்கு இரவென்று ஒன்றிருக்கவில்லை.

யேசுரட்ணம் மூன்று கடை ஏறி இறங்கினார். சிவப்புக் குமிழ் நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்புச் சோடனையோடுதான் வருமாம். றிகாஸுக்குப் போன் எடுத்தார். இனி விளக்கை மாற்றினால் மட்டும் காணாது, பாசி ஊறிப்போய்விட்டது என்றான் அவன். மூன்று நாள், முழு இருட்டு. தொட்டியைச் சுற்றி மூடிக் கட்ட வேண்டும், ஒரு பொட்டு வெளிச்சம் போகக்கூடாது, திறந்து பார்க்கவும் கூடாது. அதுவும் சுணங்கினால் பவளம் தப்பாது.

விளக்கை அணைக்காமல் செய்யலாம் என்பது யேசுரட்ணத்துக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நேர்த்திக்கும் பழுதில்லை, பவளத்துக்கும் பழுதில்லை. அடுத்தநாள் வேலைக்குப் போகமுதல், கொம்பிரசர் சுற்றுவதற்கென்று வைத்திருந்த கறுப்புப் பொலித்தீன் உருளையைக் கொண்டுவந்து, தொட்டியை நான்கு பக்கமும் மேலும் இழுத்துச் சுற்றி, மூலைகளை மடித்து, நாடா ஒட்டினார். சுத்தமான வேலை. வேலைக்குப் போகிற வழியெல்லாம் மனம் இலேசாக இருந்தது.

பின்னேரம் வந்தபோது பொலித்தீன் இல்லை. தொட்டி பழையபடி பச்சையாக நின்றது. மாகிரட் குசினியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிரோஷினியின் அறைக் கதவு சாத்தியிருந்தது.

அவருக்குக் கோபம் வந்தது. குரலை உயர்த்தவில்லை. உயர்த்துகிற அளவுக்குப் பலம் இருக்கவில்லை. மூன்று நாளில் ஒரு நாள் வீணாகிவிட்டது என்றார். இந்த வீட்டில் தனக்கென்று தான் கேட்டது இந்த ஒன்றைத்தான் என்றார். விளக்கைக்கூடத் தொடவில்லையே, பிறகென்ன என்றார்.

மாகிரட் சுளகைக் கீழே வைத்தாள்.

"இஞ்சருங்கோ, அது என்ன பொலித்தீன்?"

"என்ரை சாமான் சுத்துறது. உனக்குத் தெரியாதே?"

"தெரியும். அண்டைக்கும் இதாலைதானே சுத்தினனீங்கள்."

அவருக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழை. ஆஸ்பத்திரி வாசலில் ஓட்டோ. ஏழுமாதப் பிள்ளைக்கென்று செய்வித்த சின்னப் பெட்டி. பெட்டி நனையப்போகிறதே என்று, ஓட்டோவுக்குள் கிடந்த உருளையை எடுத்து இழுத்துச் சுற்றி, மூலைகளை மடித்து, நாடா ஒட்டி, மடியில் வைத்துக்கொண்டு போனார். சாமான் நனையக்கூடாது என்றால் கை தானாகச் செய்கிற வேலை. அதற்குமேல் அன்றைக்கு அவர் ஒன்றும் யோசித்திருக்கவில்லை. இன்றைக்கும் யோசித்திருக்கவில்லை.

"நிரோஷினி அண்டைக்கு நித்திரை எண்டுதானே நினைச்சனீங்கள்? வாட்டு யன்னலாலை எல்லாம் பாத்தவள். எனக்குப் பிறகுதான் சொன்னவள். இண்டைக்குக் காலமை குளிச்சிட்டு ஹோலுக்குள்ளை வந்திருக்கிறாள். நான் கடையாலை வரேக்கை சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திருந்தாள். கஞ்சியும் குடிக்கேல்லை. நான்தான் கழட்டினனான்."

யேசுரட்ணம் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். இரண்டடி. பெட்டி அதைவிட நான்கு விரல் கட்டை. அளவெடுத்துப் பழகிய கண் கேளாமலே சொன்னது.

அன்றைக்கே றிகாஸுக்குச் சொல்லிவிட்டார். உயிர்த்த ஞாயிறு கழிய, திங்கட்கிழமை வந்து கல்லையும் மீனையும் எடுத்துக்கொண்டு போ, பவளத்தில் ஏதும் மிஞ்சினால் அதையும் கொண்டுபோ. றிகாஸ் காரணம் கேட்டான். களைத்துப் போனேன் தம்பி என்றார். அது பொய்யில்லை. அதன் பிறகு தூரிகையைத் தொடவில்லை. பின்னேரத்தில் கதிரையை வாசலுக்குக் கொண்டுபோய்த் துறைமுகத்துப் பக்கம் பார்த்தபடி போட்டுக்கொண்டார். மாகிரட் தேத்தண்ணியை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தாள்.

அவள் கோயிலைத் துப்புரவாக்குகிற பெண்களில் ஒருத்தி. குருத்தோலை ஞாயிற்றுக்கு முதல்நாள் சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போட்டு மூடப் போனாள். மாதா, சூசையப்பர், அந்தோனியார் என்று ஒருவர் மிச்சமில்லாமல் தவக்காலத்துக் கடைசி நாட்களில் மூடி வைப்பது வழமை. திங்களும் செவ்வாயும் தையல் மெசின் சத்தம் கேட்டது. பேரப்பிள்ளைக்கு ஏதோ தைக்கிறாள் என்று யேசுரட்ணம் நினைத்தார். இன்னும் பிறக்கவில்லையே என்றும் நினைத்தார். கேட்கவில்லை.

பெரிய வியாழன் மத்தியானம் அவர் வேலையால் வந்தபோது, அலுமாரிக்கு மேலிருந்த நத்தார் பெட்டி கீழே இறங்கியிருந்தது. பாலன் குடிலுக்குப் போடுகிற சிவப்பு சீரோ வாட் குமிழை அதற்குரிய வயரோடு எடுத்துப் படத்துக்கு முன்னால் கட்டி, அதை எரியவிட்ட பிறகுதான் மாகிரட் வெள்ளையை அணைத்தாள். ஒன்று எரிய மற்றது அணைந்தது. நேர்த்தி ஒரு நொடியும் முறியவில்லை. அந்த வெள்ளைக் குமிழ் அன்று மாலையே குசினிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இருட்டு என்று அவள் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்.

பிறகு உடுப்புக்கூடைக்குள்ளிருந்து ஊதாத் துணியை எடுத்தாள். கோயிலில் போட்டதே அந்தத் துணிதான், அதே கடை. இரண்டு மடிப்பாகத் தைத்து, உள்ளே பழைய கம்பளியை வைத்து, தொட்டிக்குச் சட்டைபோல மூலை எடுத்திருந்தாள். பம்ப் வயர் வெளியே வர ஒரு துளைகூட இருந்தது.

"கோயிலிலை எல்லாரும் மூடிக்கொண்டுதான் நிக்கினம். வீட்டிலை மீன் மூடிக்கொண்டு நிண்டால் ஆர் என்ன கேக்கப்போகினம்? பிடியுங்கோ அந்தப் பக்கத்தை" என்றாள்.

அவர் அந்தப் பக்கத்தைப் பிடித்தார். அளவு சரியாக இருந்தது. எப்போது அளந்தாள் என்று தெரியவில்லை.

நிரோஷினி அறையிலிருந்து வந்து, இடுப்பில் கையை ஊன்றியபடி பார்த்தாள்.

"சூசையப்பர் மாதிரியே கிடக்கு. சின்னச் சூசையப்பர்" என்றாள். பிறகு, தகப்பனைப் பார்க்காமல், "கறுப்பெண்டாலும் எனக்கு ஒண்டும் இல்லையப்பா" என்றாள்.

"ஓம், ஓம். போய்ப் படு" என்றாள் மாகிரட்.

பொய் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. அதை அப்படியே விட்டார்கள்.

வெள்ளியும் சனியும் அவருக்கு நீண்டு கிடந்தன. வேலை இல்லை. கோயிலில் மணிகூட அடிக்கவில்லை. திருத்துகிறவனுக்குத் தெரிந்ததெல்லாம் திறந்து பார்க்கிறது. திறக்காமல் இருப்பதுதான் வேலை என்றால் அது அவர் பழகாத வேலை. நாலைந்து தரம் துணியின் ஓரம்வரை கை போய்த் திரும்பியது. சனிக்கிழமை பின்னேரம் ஹோலுக்குள் வந்தபோது நிரோஷினி கதிரையைத் தொட்டியோடு ஒட்டிப்போட்டு, துணியின்மேல் காதை வைத்துக்கொண்டிருந்தாள். பம்ப் ஓடுது என்று மட்டும் சொன்னாள். அவரும் மற்றப் பக்கத்தில் காதை வைத்தார். ஓடியது. முப்பத்தைந்து வருடமாக மோட்டர் சத்தம் கேட்டுச் சலித்த காது, அந்த முனகலை ஒரு பிழையும் சொல்லாமல் கேட்டது.

உயிர்த்த ஞாயிறு காலை, பூசையால் வந்த உடுப்போடு மாகிரட் துணியைக் கழற்றினாள். சுகமான மணம் வரவில்லை. செத்த பாசி மணம் வந்தது. தலைமயிர்போல நின்ற பச்சை சாம்பல் நிறமாகிக் கல்லில் படுத்துக் கிடந்தது. விரல் பட்டதும் கழன்று வந்தது. பாதிதான். பின்பக்கக் கல்லில் இன்னும் பச்சை இருந்தது. மீன்கள் இரண்டும் வெளிச்சத்துக்குக் கூசி மூலையில் ஒதுங்கின. பவளம் ஒரு பக்கம் கரைந்து போயிருந்தது. மற்றப் பக்கம் சுருண்டபடியே நின்றது. பத்து மணிக்கும் அப்படித்தான். பதினொரு மணிக்கும் அப்படித்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நிரோஷினி கூப்பிட்டாள். நல்ல பக்கத்தின் ஓரத்தில் ஆறேழு விரல்கள் வெளியே வந்திருந்தன. எண்ணிவிடலாம். அதற்கு மேலில்லை.

யேசுரட்ணம் போனை எடுத்தார்.

"றிகாஸ், நாளைக்கு வாறாய்தானே?"

"ஓம், அண்ணன். பெட்டியோட வாறன், மீன் எடுக்க."

"பெட்டி வேண்டாம். நத்தை பத்துக் கொண்டு வா. வெளித்தண்ணியும் ரெண்டு கான்."

ஏசித் தண்ணி விட்டீங்களெண்டா இனி நான் இந்தப் பக்கம் வரமாட்டன் என்றான் றிகாஸ்.

மாகிரட் ஊதாத் துணியைத் தோய்த்துக் கொடியில் போட்டாள். காய்ந்ததும் மடித்து அலுமாரியில் வைக்க வேண்டும் என்றாள். இந்தப் பாசி ஒரு தரத்தோடு போகிற சாதி இல்லையாமே. யேசுரட்ணம் அதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. வாளியையும் குழாயையும் எடுத்துவந்து, சட்டையைக் கழற்றி, தொட்டிக்கு முன்னால் குந்தினார். குழாயின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையை வாயால் இழுத்து வாளிக்குள் போட்டார். சாம்பல் நிறப் பாசி இழை இழையாக வரத் தொடங்கியது. முழங்கால் நொந்தது. பக்கத்தில் பிடிக்க ஒன்றும் இல்லையென்பது குந்திய பிறகுதான் நினைவுக்கு வந்தது. எழும்புகிற நேரம் வரட்டும், பார்ப்போம் என்று இருந்துவிட்டார்.